ரெண்டு பேருக்குச் சாப்பிடணுமா? கர்ப்பகால எடை பற்றி வாசகர் கேள்விகள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கர்ப்பிணிகளின் எடை பற்றித்தான். ஏறவே மாட்டேன் என்கிறது என்று சிலர், ஏறிக்கொண்டே போகிறது என்று சிலர், ஊரில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள் யாரை நம்புவது என்று மீதிப் பேர். அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு எடுத்துவைத்துவிட்டு, இந்தப் பக்கங்களை முழுக்க இதற்கே கொடுக்கிறேன். எழுதியவர்கள் கேட்டுக்கொண்டபடி ஊரின் பெயர் மட்டும் போட்டிருக்கிறேன், கடிதங்களையும் சுருக்கித்தான் தந்திருக்கிறேன்.

எனக்கு 24 வயது, ஐந்தாம் மாதம் முடியப்போகிறது. உயரம் 156 செ.மீ. கர்ப்பம் ஆனபோது 44 கிலோ இருந்தேன், இப்போது 46. "ரெண்டு உயிருக்குச் சாப்பிடணும்" என்று மாமியார் தட்டில் சோற்றைக் குவிக்கிறார். பாதிகூட இறங்கவில்லை, நெஞ்சு கரிக்கிறது. நான் எவ்வளவு கலோரி சாப்பிட வேண்டும்? எவ்வளவு எடை கூட வேண்டும்?
– வாசகி, திண்டுக்கல்

உங்கள் மாமியாரின் அக்கறை சரி, சோற்றின் அளவுதான் சரியில்லை. இதை அவரிடம் வாசித்துக் காட்டினாலும் பரவாயில்லை.

எவ்வளவு எடை கூடலாம் என்பதற்கு எல்லோருக்கும் பொதுவான ஓர் எண் கிடையாது. எந்த எடையில் கர்ப்பம் தரித்தீர்களோ அங்கிருந்துதான் கணக்கு ஆரம்பிக்கும். எடையை (கிலோவில்) உயரத்தால் (மீட்டரில்) இரண்டு முறை வகுத்தால் வருவது பி.எம்.ஐ. உங்களுக்கு அது 18 சொச்சம். 18.5-க்குக் கீழே இருந்தால் எடை குறைவு என்று அர்த்தம். அமெரிக்காவின் மருத்துவக் கழகம் 2009-ல் வெளியிட்ட பரிந்துரையைத்தான் உலகம் முழுக்கப் பல மருத்துவர்கள் இன்றும் பார்க்கிறார்கள். அதன்படி எடை குறைவாக ஆரம்பித்தவர்கள் மொத்தம் 12.5 முதல் 18 கிலோ வரை கூடலாம். 18.5-லிருந்து 25-க்குள் இருந்தவர்களுக்கு 11.5 முதல் 16, அதற்கு மேல் 30-க்குள் இருந்தவர்களுக்கு 7 முதல் 11.5, 30-க்கு மேல் என்றால் 5 முதல் 9 கிலோ. இரட்டைக் குழந்தை என்றால் கணக்கே வேறு, சரியான எடையில் ஆரம்பித்தவர்களே 17 முதல் 25 கிலோ வரை கூடுவார்கள்.

முதல் மூன்று மாதத்தில் அரை கிலோவிலிருந்து 2 கிலோ ஏறினால் போதும். அதற்கப்புறம் உங்களைப் போன்றவர்களுக்கு வாரத்துக்கு அரை கிலோ வீதம் ஏற வேண்டும். இந்தக் கணக்கில் பார்த்தால் இப்போது 4 கிலோவாவது கூடியிருக்கணும், 2 கிலோ கொஞ்சம் பின்தங்கியதுதான். ஆனால் இன்னும் ஏறக்குறைய 20 வாரம் இருக்கிறது, இன்றிலிருந்து வாரம் அரை கிலோ ஏறினாலே 12 கிலோவைத் தொட்டுவிடுவீர்கள். விட்டதைப் பிடிக்கிறேன் என்று ஒரே வாரத்தில் திணிக்க வேண்டாம்.

சரி, கலோரி. ஹைதராபாதில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் தந்த கணக்குப்படி, உடல் உழைப்பு அதிகம் இல்லாத பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 1,660 கலோரி, ஓரளவு உழைப்பவருக்கு 2,130. கர்ப்பிணிக்கு இதற்கு மேல் 350. அவ்வளவுதான். ரெண்டு பேருக்குச் சாப்பிடணும் என்றால் இரண்டு மடங்கு என்று நினைத்துக்கொள்கிறோம், உண்மையில் கூடுவது ஐந்தில் ஒரு பங்குதான், அதுவும் முதல் மூன்று மாதத்தில் அநேகமாக ஒன்றுமே கூட வேண்டியதில்லை. உங்களுக்கு மட்டும் எடை பின்தங்கியிருப்பதால் 350-க்கு மேல் இன்னும் 100, 150 சேர்ந்தாலும் நல்லதே.

இந்த 350 எதில் வருகிறது என்பதுதான் முக்கியம். சாதமாக எடுத்தால் ஒன்றே முக்கால் கப் சோற்றில் முடிந்துவிடும், அதில் கிடைக்கும் புரதம் 7 கிராம்தான். அதே 350-ஐ ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலை, ஒரு டம்ளர் பால், ஒரு சின்ன வாழைப்பழம் என்று எடுத்துக்கொண்டால் புரதம் 15 கிராம் கிடைக்கும், வயிறும் அடைக்காது. இரண்டு வேகவைத்த முட்டையும் முக்கால் கப் கொண்டைக்கடலைச் சுண்டலும் என்றால் 20 கிராமுக்கு மேல். புரதத் தேவை நான்காம் மாதத்திலிருந்து நாளொன்றுக்கு 9.5 கிராமும், கடைசி மூன்று மாதத்தில் 22 கிராமும் கூடுகிறது, அதாவது கலோரி தேவையைவிட வேகமாக. தட்டில் சோற்றைக் கூட்டி இதை எட்டவே முடியாது.

உங்களுக்கு நான் சொல்வது: மூன்று வேளைச் சாப்பாட்டைக் கூட்டாதீர்கள், வேளைகளைக் கூட்டுங்கள். காலை 11 மணிக்கு ஒன்று, சாயங்காலம் 4 மணிக்கு ஒன்று, படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் பால். மதியம் அளவாகச் சோறு, அதில் ஒரு கரண்டி பருப்பு அதிகம், ஒரு ஸ்பூன் நெய். இட்லிக்கு எப்போதும் வைக்கும் சட்னியோடு வேர்க்கடலைச் சட்னி. எடை குறைந்தவர்களுக்கு நெய், எள், தேங்காய், வேர்க்கடலை எல்லாம் நல்ல துணை, கொஞ்ச இடத்தில் நிறைய சக்தி கொடுப்பவை. நெஞ்சு கரிப்பும் இப்படிச் சின்னச் சின்னதாகச் சாப்பிட்டால் தானாகவே குறையும், சாப்பிட்டவுடன் படுக்க மட்டும் வேண்டாம்.

அப்புறம், ஹீமோகுளோபின் எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. ஒல்லியாக இருந்து சாப்பாடும் இறங்காதவர்களுக்கு ரத்தசோகை சேர்ந்தே இருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். பச்சரிசி, சாம்பல், சாக்பீஸ் எதையாவது தின்ன வேண்டும் போலிருந்தால் வெட்கப்படாமல் நர்ஸிடம் சொல்லுங்கள், அது இரும்புச்சத்துக் குறைவின் அறிகுறியாக இருக்கலாம். இரும்பு மாத்திரையைக் காபி, டீயோடு போடாதீர்கள், ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். கால்சியம் மாத்திரையையும் அதோடு சேர்த்துப் போடக் கூடாது, இரண்டும் ஒன்றையொன்று தடுக்கும். எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காய், கொய்யா இதில் ஏதாவது ஒன்று பக்கத்தில் இருந்தால் இரும்பு நன்றாக உடலில் சேரும்.

நான் ஐ.டி.யில் வேலை பார்க்கிறேன், 31 வயது, 160 செ.மீ., கர்ப்பத்துக்கு முன்பு 72 கிலோ. இப்போது 14 வாரம். முதல் செக்கப்பிலேயே எல்லோர் முன்னாலும் "இவ்வளவு வெயிட்டா, எப்படிப் பிரசவம் ஆகும்" என்று கேட்டார்கள். வீட்டுக்கு வந்து அழுதேன். இப்போது அரிசியை நிறுத்திவிட்டேன், 16 மணி நேரம் சாப்பிடாமல் இருக்கும் டயட் ஆரம்பிக்கலாமா என்று யோசிக்கிறேன். குழந்தை பிறப்பதற்குள் 10 கிலோ குறைக்க முடியுமா?
– வாசகி, சென்னை

வேண்டாம். இன்று ராத்திரியே சாப்பிடுங்கள், அப்புறம் மீதியைப் பேசலாம்.

உங்களை எல்லோர் முன்னாலும் அப்படிப் பேசியது தவறு. எடை உங்கள் உடம்பைப் பற்றிய ஒரு தகவல், அதைக் கதவைச் சாத்திக்கொண்டு தணிவாகச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் 2019-21ல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40 சதவீதம் பேர் அதிக எடை அல்லது உடல்பருமன் உள்ளவர்கள் என்று தெரிந்தது. உங்களைப் போல் ஆரம்பிப்பவர்கள் தினமும் எத்தனையோ பேர் நல்லபடியாகப் பெற்றுக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள்.

ஆனால் கர்ப்பகாலம் எடை குறைக்கும் காலம் இல்லை. ரொம்ப நேரம் பட்டினி கிடந்தால் உடம்பு கொழுப்பை எரிக்கும், அப்போது கீட்டோன் என்ற பொருள் ரத்தத்தில் கூடும், கர்ப்பிணிகளுக்கு இது மற்றவர்களைவிட வேகமாக நடக்கும். அது குழந்தைக்கு நல்லதில்லை. 16 மணி நேர விரதம், அரிசி கோதுமை எதுவுமே இல்லாத டயட், சாப்பாட்டுக்குப் பதில் குடிக்கச் சொல்லும் பவுடர் எல்லாமே இந்த ஒன்பது மாதத்துக்கு வேண்டாம்.

உங்கள் பி.எம்.ஐ. 28. மேலே சொன்ன அமெரிக்கப் பரிந்துரைப்படி 7 முதல் 11.5 கிலோ வரை கூடலாம். ஆனால் அது அங்குள்ள பெண்களை வைத்துப் போட்ட கணக்கு. நம்மவர்களுக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரையும் ரத்த அழுத்தமும் எட்டிப் பார்ப்பதால், இந்தியர்களுக்கு 23-ஐத் தாண்டினாலே அதிக எடை, 25-ஐத் தாண்டினால் உடல்பருமன் என்று இங்குள்ள நிபுணர்கள் வகுத்திருக்கிறார்கள். அப்படிப் பார்த்தால் நீங்கள் 5 முதல் 9 கிலோ வரிசையில் வருவீர்கள். இரண்டு கணக்குக்கும் பொதுவாக வரும் 7 முதல் 9 கிலோவைக் குறியாக வைத்துக்கொண்டு உங்கள் மருத்துவரிடம் பேசுங்கள் என்பது என் யோசனை.

"ஒரு கிலோகூட ஏறாமல் இருந்தால் இன்னும் நல்லதுதானே" என்று தோன்றும். அந்தக் கிலோக்கள் எங்கே போகின்றன என்று பாருங்கள். குழந்தை 3 கிலோ, நஞ்சுக்கொடி முக்கால் கிலோவுக்குச் சற்றுக் கீழே, பனிக்குடநீர் முக்கால் கிலோவுக்கு மேல், வளர்ந்த கர்ப்பப்பை ஒரு கிலோ, கூடும் ரத்தம் ஒன்றரை கிலோ, மார்பகம் அரை கிலோ. கொழுப்பே சேராமல் ஏழரை கிலோ வந்துவிட்டது. அதிக எடையோடு ஆரம்பித்தவர்களுக்கு ஏற்கெனவே கொழுப்பு சேமிப்பு இருப்பதால்தான் புதிதாகச் சேர்க்க வேண்டாம் என்கிறார்கள், குழந்தைக்கும் அதன் வீட்டுக்கும் ஆகும் எடையை யாரும் குறைக்கச் சொல்லவில்லை.

அரிசியை மறுபடியும் கொண்டுவாருங்கள், மதியம் ஒரு கப், கூடவே அதே அளவு காய், பருப்போ முட்டையோ மீனோ ஒன்று. நான் உங்களிடம் வெட்டச் சொல்வது வேறு: அலுவலகத்தில் ஒரு நாளைக்கு நான்கு முறை குடிக்கும் சர்க்கரை போட்ட காபி, பாட்டில் ஜூஸ், சாயங்கால பப்ஸ், ராத்திரி 10 மணிக்கு ஆர்டர் செய்யும் பிரியாணி. இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்ட நான்கு காபியில் சர்க்கரை மட்டும் 160 கலோரி. காபியும் நாளைக்கு இரண்டு சின்ன டம்ளரோடு நிற்கட்டும். மருத்துவர் நடக்கக் கூடாது என்று சொல்லாதவரை வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேரம் பேசிக்கொண்டே நடக்கும் வேகத்தில் நடங்கள். சர்க்கரைப் பரிசோதனை இன்னும் செய்யவில்லை என்றால் இந்த வாரமே செய்துகொள்ளுங்கள், 24 முதல் 28 வாரத்துக்குள் இன்னொரு முறை.

பத்து வாரம். எது சாப்பிட்டாலும் வாந்தி. 52 கிலோ இருந்தேன், 49-க்கு வந்துவிட்டேன். மசக்கை என்றால் இப்படித்தான் இருக்கும் என்கிறார்கள். எந்த உணவு எடையைக் கூட்டும்?
– வாசகி, கும்பகோணம்

உங்களுக்கு இதழ் அச்சாகும்வரை காத்திருக்காமல் உடனே பதில் அனுப்பிவிட்டேன், மற்றவர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன். மசக்கையில் ஒரு கிலோ குறைவது சகஜம், அது திரும்ப வந்துவிடும். ஆனால் கர்ப்பத்துக்கு முன்பிருந்த எடையில் 5 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் அது வெறும் மசக்கை இல்லை. 52-ல் 5 சதவீதம் 2.6 கிலோ, நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள். தண்ணீர்கூடத் தங்கவில்லை, சிறுநீர் அடர் மஞ்சளாகக் கொஞ்சமாகப் போகிறது, எழுந்தால் தலை சுற்றுகிறது என்றால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய் டிரிப்ஸ் ஏற்றிக்கொள்ள வேண்டும். கர்ப்பிணிகள் பயமில்லாமல் போடக்கூடிய வாந்தி மாத்திரைகள் இருக்கின்றன, மருத்துவர் எழுதிக் கொடுப்பார். பொறுத்துக்கொள்வது பெருமை இல்லை.

இதைவிட லேசான மசக்கை உள்ளவர்கள், படுக்கையை விட்டு எழுவதற்கு முன்பே பொரியோ ரஸ்க்கோ இரண்டு வாய் சாப்பிட்டுப் பாருங்கள். சாப்பிடும்போது தண்ணீர் வேண்டாம், அரை மணி நேரம் கழித்துச் சிறிது சிறிதாகக் குடியுங்கள். தாளிக்கும் வாசனை ஆகவில்லை என்றால் கொஞ்ச நாளைக்கு வேறு யாராவது சமைக்கட்டும். இந்தக் கட்டத்தில் சத்தான உணவு எது என்றால் வயிற்றில் தங்கும் உணவுதான். தயிர்சாதமும் ஊறுகாயும் மட்டும்தான் தங்குகிறது என்றால் அதையே சாப்பிடுங்கள். போலிக் அமில மாத்திரையை மட்டும் விடாதீர்கள், காலையில் முடியாவிட்டால் ராத்திரி போடுங்கள்.

என் மருமகளுக்கு ஏழாம் மாதம். போன வாரம்தான் வளைகாப்பு முடிந்தது. "நிறையச் சாப்பிட்டால் குழந்தை பெரிசாகி ஆபரேஷன் ஆகிவிடும்" என்று யாரோ சொல்லி, பிள்ளை ராத்திரி ஒரு இட்லியோடு எழுந்துவிடுகிறது. என் காலத்திலும் கடைசி மாதங்களில் எங்களுக்குக் குறைத்துத்தான் போட்டார்கள். அது சரிதானா?
– ஒரு மாமியார், மன்னார்குடி

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மருமகளைப் "பிள்ளை" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தப் பெண் அதிர்ஷ்டசாலி.

அது சரியில்லை அம்மா. ஆஸ்பத்திரி பக்கத்தில் இல்லாத காலத்தில், பிரசவம் சிக்கினால் தாய் பிழைக்க மாட்டாள் என்ற பயத்தில் வந்த பழக்கம் அது. பயத்தில் நியாயம் இருந்தது, வழி தப்பு. குழந்தையின் மூளை வேகமாக வளர்வதும், கொழுப்பும் இரும்பும் சேர்வதும் இந்தக் கடைசி மூன்று மாதத்தில்தான். தாயைப் பட்டினி போட்டால் தலை சின்னதாகி லேசாக வெளியே வராது, குழந்தை மெலிந்து சத்தில்லாமல் பிறக்கும். இரண்டரை கிலோவுக்குக் கீழே பிறக்கும் குழந்தைகளுக்கு உடம்புச் சூடு நிற்காது, பால் இழுத்துக் குடிக்கத் தெம்பிருக்காது, நோய் சீக்கிரம் தொற்றும். பிறந்த குழந்தைகளை வைத்திருக்கும் வார்டில் ஒரு நாள் நின்றால் போதும், இந்தப் பேச்சை யாரும் பேச மாட்டார்கள்.

இதற்கு ஒரு கொடுமையான சாட்சி இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலத்தில், 1944-45ல், நெதர்லாந்தின் மேற்குப் பகுதிக்கு உணவு போகாமல் ஜெர்மன் படை தடுத்துவிட்டது. ஒரு நாளைக்கு ஒருவருக்கு 1,000 கலோரிகூடக் கிடைக்காமல் போயிற்று. அந்தச் சமயத்தில் கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் இருந்த தாய்மார்களின் குழந்தைகள் ஏறத்தாழ 300 கிராம் எடை குறைந்து பிறந்தார்கள். முதல் மாதங்களில் பட்டினி பட்ட தாய்மார்களின் குழந்தைகளோ பிறக்கும்போது நன்றாகத்தான் தெரிந்தார்கள், ஆனால் ஐம்பது வயது வாக்கில் அவர்களுக்கு உடல்பருமனும் இதய நோயும் மற்றவர்களைவிட அதிகம் வந்ததை மருத்துவர்கள் கண்டார்கள். தாயின் பசியை உடம்பு அத்தனை வருடம் நினைவில் வைத்திருக்கிறது.

குழந்தை ரொம்பப் பெரிதாவதற்கு முக்கியமான காரணங்கள் இரண்டு: தாய்க்குச் சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாமல் இருப்பது, எடை அளவுக்கு மீறி ஏறுவது. உங்கள் மருமகளுக்கு இரண்டும் இல்லை என்றால் (கடிதத்தில் எழுதியிருக்கும் எடையைப் பார்த்தால் இல்லை) ராத்திரி மூன்று இட்லி, சாம்பார், படுக்கும் முன் பால் கொடுங்கள். ஆபரேஷன் ஆகுமா ஆகாதா என்பதைக் குழந்தை எப்படித் திரும்பியிருக்கிறது, இடுப்பெலும்பு எப்படி, வலி எப்படி வருகிறது என்று பல விஷயங்கள் சேர்ந்து முடிவு செய்யும், ஒரு இட்லியும் மூன்று இட்லியும் முடிவு செய்யாது.

இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன். வளைகாப்புக்குப் புளி, எலுமிச்சை, தேங்காய், தயிர், சர்க்கரைப் பொங்கல் என்று கட்டுச்சோறு கட்டியதை ஆசையாக எழுதியிருக்கிறீர்கள். படிக்கவே சந்தோஷமாக இருந்தது. உங்கள் தெருவில் அடுத்த வளைகாப்பு வரும்போது அந்தச் சாதங்களோடு ஒரு பெரிய பாத்திரம் சுண்டலும் வைக்கச் சொல்லுங்கள்.

28 வாரம். குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுத்ததில் 152 வந்தது, கர்ப்பகால சர்க்கரை என்றார்கள். பயந்துபோய் காலை இரண்டு, ராத்திரி இரண்டு சப்பாத்தியோடு நிறுத்திவிட்டேன், மதியம் வெள்ளரிக்காய் மட்டும். இரண்டு வாரத்தில் ஒரு கிலோ குறைந்துவிட்டது. நல்லதா?
– வாசகி, மதுரை

இல்லை, நல்லதில்லை. 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரத்தில் 140-க்கு மேல் இருந்தால் கர்ப்பகால சர்க்கரை என்பார்கள், அதனால் கண்டுபிடித்தது சரி. காலையில் வெறும் வயிற்றோடு வராவிட்டாலும் எடுக்கக்கூடிய இந்த எளிய முறையைப் பரவலாக்கியதில் சென்னையின் டாக்டர் வி. சேஷய்யாவுக்குப் பெரிய பங்கு உண்டு. அவருடைய பிறந்த நாளான மார்ச் 10-ஐத்தான் இந்தியாவில் கர்ப்பகால சர்க்கரை விழிப்புணர்வு நாளாக வைத்திருக்கிறார்கள். சீக்கிரம் தெரிந்துகொள்வது எதற்கென்றால், நிதானமாகச் சாப்பாட்டை மாற்றியமைக்கத்தான்.

கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 175 கிராம் மாவுச்சத்து வேண்டும். உங்கள் நான்கு சப்பாத்தியில் 80 கிராம்தான் வருகிறது. நீங்கள் அளவைப் பாதியாக்கிவிட்டீர்கள், ஆனால் செய்ய வேண்டியது பிரிப்பது. காலை, மதியம், ராத்திரி மூன்றும் மிதமாக, இடையில் மூன்று சின்னத் தீனி. ஒவ்வொரு முறையும் மாவுச்சத்தோடு புரதம் இருக்கட்டும், அப்போது சர்க்கரை மெதுவாக ஏறும். இரண்டு இட்லி என்றால் ஒரு முட்டையும் கெட்டியான பருப்புச் சாம்பாரும். மதியம் ஒரு கப் சாதம், இரண்டு கப் காய், பருப்பு, மோர். சாயங்காலம் சுண்டல். படுக்கும்போது சர்க்கரை போடாத பால், ராத்திரி முழுக்க வயிறு காலியாக இருக்கக் கூடாது. ஒவ்வொரு வேளைக்குப் பிறகும் பத்துப் பதினைந்து நிமிடம் மாடியிலோ வாசலிலோ நடங்கள், இது நீங்கள் நினைப்பதைவிட அதிகம் உதவும்.

சப்பாத்தி சாப்பிட்டால் சர்க்கரை ஏறாது, சோறு சாப்பிட்டால் ஏறும் என்பது நம் ஊரில் ஊறிப்போன நம்பிக்கை. இரண்டிலும் மாவுச்சத்துதான், அளவுதான் வித்தியாசம் செய்யும். அதே மாதிரி கேழ்வரகுக் கஞ்சி. நைஸாக அரைத்த மாவைக் கரைத்துக் காய்ச்சிக் குடித்தால் சர்க்கரை சட்டென்று ஏறும், அதே கேழ்வரகை முருங்கைக்கீரை போட்டு அடையாகத் தட்டினால் அவ்வளவு வேகமாக ஏறாது. வெறும் வயிற்றில் 95-க்குக் கீழே, சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 120-க்குக் கீழே என்பது குறி. இரண்டு வாரம் ஒழுங்காகச் சாப்பிட்டும் அது வரவில்லை என்றால் மருத்துவர் மாத்திரையோ இன்சுலினோ சொல்வார், போட்டுக்கொள்ளுங்கள். இன்சுலின் போடக் கூடாது என்பதற்காகப் பட்டினி கிடக்காதீர்கள், அதைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

எட்டாம் மாதம். ஒரே வாரத்தில் 2 கிலோ ஏறிவிட்டது, மோதிரம் கழற்ற முடியவில்லை, கண் இமை வீங்கியிருக்கிறது. உப்பைக் குறைத்தால் சரியாகுமா?
– வாசகி, கரூர்

அது சாப்பாட்டால் ஏறிய எடை இல்லை, நீர். உங்களிடம் போனில் பேசிவிட்டேன், இது இதேபோல் இருக்கும் மற்றவர்களுக்கு. சாயங்காலத்தில் கால் வீங்குவது பலருக்கும் உண்டு. முகமும் கையும் வீங்கி எடை திடீரென்று ஏறினால் அன்றைக்கே ரத்த அழுத்தமும் சிறுநீரில் புரதமும் பார்க்க வேண்டும். அழுத்தம் 140/90-ஐத் தொட்டால் அது கவனிக்க வேண்டிய விஷயம். தலைவலி, கண் மங்கல், மேல் வயிற்றில் வலி சேர்ந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள், விடியட்டும் என்று இருக்காதீர்கள்.

வீட்டு மெஷினில் 58, ஆஸ்பத்திரியில் 60. எதை நம்புவது?
– வாசகி, நாகர்கோவில்

எதையாவது ஒன்றை. வாரம் ஒரு முறை, ஒரே மெஷின், காலையில் சிறுநீர் கழித்துவிட்டு, சாப்பிடுவதற்கு முன், ஏறக்குறைய ஒரே மாதிரி உடையில். எண்ணைவிட அது போகும் போக்குதான் முக்கியம். தினமும் ஏறி நிற்காதீர்கள், மனசுதான் கெடும்.

அரசு தரும் ஊட்டச்சத்துப் பெட்டகம் வாங்கினோம். ஹெல்த் மிக்ஸ், பேரீச்சை, நெய் எல்லாம் இருந்தது. ஏற்கெனவே வெயிட் போட்டிருப்பதால் சாப்பிடலாமா?
– வாசகி, செய்யாறு

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் வருவது. தாராளமாகச் சாப்பிடலாம், ஆனால் வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் இல்லாமல் சாயங்காலத் தீனிக்குப் பதிலாக. நெய் நாளைக்கு ஒரு டீஸ்பூன், 45 கலோரி. சர்க்கரை இருப்பதாகச் சொல்லியிருந்தால் ஹெல்த் மிக்ஸையும் பேரீச்சையையும் கேட்டுவிட்டு எடுங்கள். அந்தப் பெட்டகம் வீட்டில் எல்லோருக்கும் பங்கு போடுவதற்கு வருவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், பல வீடுகளில் பேரீச்சை முதல் வாரத்திலேயே மற்றவர்கள் வாயில் போய்விடுகிறது.

என் மனைவி பனியன் கம்பெனியில் வேலை, ஆறாம் மாதம். காலை ஐந்து மணிக்கு எழுந்து எல்லோருக்கும் சமைத்துவிட்டு ஏழரைக்குக் கிளம்பினால் மதியம் ஒரு மணிக்குத்தான் சாப்பிடுகிறாள். எடை இரண்டு மாதமாக அப்படியே நிற்கிறது. டானிக் ஏதாவது சொல்லுங்கள்.
– வாசகர், திருப்பூர்

தம்பி, எழுதிக் கேட்கத் தோன்றியதே, அதற்கு முதலில் நன்றி. ஆனால் டானிக் பாட்டிலில் இதற்கு மருந்து இல்லை. ராத்திரி ஒன்பது மணிக்குச் சாப்பிட்ட பெண் மறுநாள் மதியம் ஒரு மணிவரை, 16 மணி நேரம், வெறும் டீயில் நிற்கிறார். மேலே சென்னை வாசகி டயட் என்று நினைத்துச் செய்யப் பார்த்ததை உங்கள் மனைவி வேறு வழியில்லாமல் தினமும் செய்துகொண்டிருக்கிறார்.

ராத்திரியும் எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிச்சம் இருப்பதைத்தான் சாப்பிடுகிறாரா என்று ஒரு நாள் கவனித்துப் பாருங்கள். குழம்பில் காய் தீர்ந்திருக்கும், முட்டை இருந்தால் குழந்தைக்குப் போயிருக்கும், சோறும் ரசமும் மிஞ்சியிருக்கும். கர்ப்பிணிகளிடம் "நேற்று என்ன சாப்பிட்டீர்கள்" என்று கேட்டு எழுதும்போது இதைத்தான் நான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன், சமைத்தது என்ன என்பதற்கும் அவர்கள் தட்டில் விழுந்தது என்ன என்பதற்கும் இவ்வளவு தூரம். வறுமை ஒரு காரணம்தான், ஆனால் வசதியான வீட்டிலும் இதே கதைதான்.

உங்களால் நாளைக்கே முடிவது: காலையில் அவர் கிளம்புவதற்கு முன் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிடுங்கள். முந்தின நாள் ராத்திரியே நீங்கள் இரண்டு முட்டை வேகவைத்துவிடுங்கள், அல்லது பயறு ஊறப்போட்டுவிடுங்கள். பையில் ஒரு டப்பாவில் வறுத்த கடலையும் ஒரு வாழைப்பழமும் போட்டு, பத்து மணி டீ இடைவேளையில் சாப்பிடச் சொல்லுங்கள், டீயை மட்டும் கொஞ்சம் தள்ளிக் குடிக்கட்டும். ராத்திரி அவருக்கு முதலில் பரிமாறுங்கள், உங்கள் அம்மா ஏதாவது சொன்னால் பதில் சொல்வது உங்கள் வேலை, அவருடையது இல்லை. அங்கன்வாடியில் கர்ப்பிணிகளுக்குச் சத்துமாவு கொடுக்கிறார்கள், வேலைக்குப் போவதால் அவரால் வாங்க முடியாது, நீங்கள் போய் வாங்கி வாருங்கள். இதையெல்லாம் செய்துகொண்டே இந்த வாரம் ஒரு நாள் லீவு போட்டு அவரோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ஹீமோகுளோபினும் குழந்தையின் வளர்ச்சியும் பாருங்கள், இரண்டு மாதமாக எடை நிற்பது பார்க்க வேண்டிய விஷயம்.

அடுத்த மாதம் அவர் எடை எவ்வளவு என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள். காத்திருப்பேன்.